மாலையைக் கழற்றிய மறுநாள்

கேள்வி கேட்டவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வயது 36. தினமும் ஒரு குவார்ட்டர், சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் அதற்கு மேலும். ஒவ்வொரு கார்த்திகையிலும் சபரிமலைக்கு மாலை போடுகிறார். அந்த 48 நாளும் ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே பழையபடி ஆகிவிடுகிறது. இப்படியே ஏழு வருடம். “நிறுத்த வேண்டும் என்ற வேகம் வருகிறது, ஒரு வாரத்தில் போய்விடுகிறது. அந்த வேகத்தைக் குறையாமல் எப்படி வைத்துக்கொள்வது? எனக்கு மன உறுதி என்பதே கிடையாதா?” என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, ஏழு வருடம், வருடத்துக்கு 48 நாள் என்றால் 336 நாள். கிட்டத்தட்ட ஒரு முழு வருடம் நீங்கள் குடிக்காமல் இருந்திருக்கிறீர்கள். மன உறுதி இல்லாத ஆளால் இது முடியாது. குடிநோய் சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராக இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். “எனக்கு உறுதி இல்லை” என்று சொல்லாதவர் அங்கே வந்ததே இல்லை. அவர்களில் பலர் இன்று குடிக்காமல் இருக்கிறார்கள். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அந்த 48 நாள் உங்களைத் தாங்கியது எது, 49-ஆவது நாள் அது எங்கே போனது என்று கேளுங்கள். இதற்குப் பதில் கிடைக்கும்.

அதற்கு முன் உடம்பு விஷயம் ஒன்று. இதைச் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு மனம் வராது. தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு உடம்பு தாங்காது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி குழம்பும், ஆள் அடையாளம் தெரியாது, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்க, சாமி இறங்கியிருக்கிறது என்று வீட்டில் கும்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள். காய்ச்சலும் நடுக்கமும் ஏறிய பிறகுதான் எங்களிடம் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

ஏழு முறை உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து எட்டாவது முறையும் ஆகாது என்று சொல்ல முடியாது. நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருப்பவர்களுக்கு இந்தத் தொந்தரவு போகப் போகக் கூடுவது உண்டு. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு வாய் ஊற்றினால்தான் நிற்கிறதா? முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்ட வேண்டியதில்லை. சில நாள் மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஊசியும் போட்டு, ஆபத்தில்லாமல் இறக்கிவிடுவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

சரி, இப்போது மாலைக்கு வருவோம்.

உங்கள் பக்தியை நான் துளியும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஐயப்பன் மேல் உள்ள நம்பிக்கை மாலையைக் கழற்றிய ராத்திரியில் போய்விடுவதில்லையே? அது அப்படியேதான் இருக்கிறது. குடிக்காமல் இருப்பது மட்டும்தான் போகிறது. அப்படியானால் அந்த 48 நாளும் நம்பிக்கையோடு வேறு சில துணைகளும் சேர்ந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கருப்பு வேட்டி கட்டி, கழுத்தில் மாலையோடு இருப்பவரைப் பாருக்குக் கூப்பிட எந்த நண்பருக்கும் வாய் வராது. கூப்பிடாததால் நீங்கள் மறுக்க வேண்டிய வேலையும் இல்லை. தினமும் சாயங்காலம் ‘இன்றைக்குக் குடிக்கலாமா, வேண்டாமா’ என்ற பஞ்சாயத்தே மனசுக்குள் நடப்பதில்லை. அது கார்த்திகை முதல் தேதியிலேயே முடிந்துபோன விஷயம். மனிதனைக் களைப்படைய வைப்பது இந்தத் தினசரிப் பஞ்சாயத்துதான். முப்பது நாளும் அதில் ஜெயிக்க வேண்டும், முப்பத்தொன்றாம் நாள் ஒரே ஒரு முறை தோற்றால் போதும், பாட்டில் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது, பெயர். அந்த நாட்களில் சூப்பர்வைசர்கூட உங்களைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறார். டீக்கடைக்காரர் ‘சாமி’ என்கிறார், உங்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் அப்படியே. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அந்தப் பெயர் காதில் விழுந்தால், அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளத்தான் மனசு பார்க்கும். மாலையைக் கழற்றியதும் நீங்கள் யார்? ‘குடியை விடப் பார்க்கிறவர்’. அதற்கு ஊரில் ஒரு பெயர்கூட இல்லை.

அப்புறம் நேரம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஷிப்ட் விட்டு வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் குளியல், விளக்கு, சரணம், யார் வீட்டிலாவது பஜனை, நேரத்தோடு சாப்பாடு, தரையில் படுக்கை. குடிக்கும் நேரம் முழுவதும் வேறு வேலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாலையைக் கழற்றிய பிறகு அந்த மூன்று மணி நேரம் வெறுமையாகக் கிடக்கிறது. வெறுமையான நேரத்துக்கு உங்கள் கால்களுக்குப் பழகிய பாதை ஒன்றுதான்.

கூட இருக்கும் ஆட்களும் மாறுகிறார்கள். குருசாமி இருக்கிறார், தடுமாறினால் கேட்பதற்கு. உங்களோடு சேர்ந்து நாலைந்து பேர் அதே விரதத்தில் இருக்கிறார்கள். வீட்டிலும் சண்டை இல்லை. உங்களுக்கென்று தனியாகச் சுத்தமாகச் சமைத்து வைக்கிறார்கள், மரியாதை கிடைக்கிறது. பிறகு ஒரு நாள் அம்மா கையாலோ குருசாமி கையாலோ மாலை கழன்றதும் இத்தனையும் ஒரே மணி நேரத்தில் சேர்ந்து கழன்றுவிடுகின்றன. பந்தல் கால்களை எல்லாம் ஒரே சமயத்தில் பிடுங்கினால் பந்தல் விழத்தான் செய்யும். மாலைக்கு ஒரு முடிவு நாளும் இருக்கிறது. நாற்பதாவது நாளிலிருந்தே மனசின் ஒரு மூலை அந்த நாளை எண்ணிக்கொண்டிருக்கும், பலர் இதை என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ரமலான் மாதம் நிறுத்துகிறவர்களிடமும், தவக்காலத்தில் நிறுத்துகிறவர்களிடமும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட வேகத்துக்கு வருகிறேன். அது குறையாமல் இருக்க வழி இல்லை. யாருக்கும் இல்லை. நொய்யலில் வருடம் முழுக்கவா வெள்ளம் ஓடுகிறது? வெள்ளம் வரும் கொஞ்ச நாளில் வாய்க்கால் வழியாகக் குளங்களுக்குத் திருப்பிவிட்டதால்தான் உங்கள் பக்கத்தில் விவசாயம் நடந்தது. வேகம் வரும் நாளில் பெரிய சபதம் போடுவது வெள்ளத்தை நின்று வேடிக்கை பார்ப்பது போலத்தான். அந்த நாளில் செய்ய வேண்டியது வாய்க்கால் வேலை. வேகம் சுத்தமாக வற்றிப்போகும் ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை, வேகம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முடிவு செய்து, ஏற்பாடும் செய்துவிட வேண்டும்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியல் ஆய்வாளர் இதைப் பல வருடம் சோதித்துப் பார்த்தவர். ‘நான் இதைச் செய்வேன்’ என்று மட்டும் உறுதி எடுப்பவர்களைவிட, ‘இன்ன சமயத்தில், இன்ன இடத்தில், இது நடந்தால் நான் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் கூடுதலாகச் சாதிக்கிறார்கள் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. கேட்கச் சின்ன வித்தியாசமாகத்தான் தெரியும். ஆனால் அந்த நேரம் வரும்போது யோசிக்க வேண்டிய அவசியம் இருக்காது. குடிக்கும் ஆசை வந்த மூளை யோசிக்க ஆரம்பித்தால் முடிவு எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரைக்கு விடுகிறது. மத்தியானம் சாப்பிட்டதோடு சரி, வயிறு காலி. பன்னிரண்டு மணி நேரம் மிஷினில் குனிந்த கழுத்து. பையில் வாரச் சம்பளம். கூட நாலு பேர். கடை பத்து மணிக்கு மூடிவிடும் என்ற அவசரம் வேறு. இந்த ஐந்தும் சேர்ந்த இடத்தில் மன உறுதியை மட்டும் நம்பி நிற்காதீர்கள். ஐந்தில் மூன்றையாவது உடைத்துவிடுங்கள்.

ஏழு மணி டீ நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு பன்னும் டீயும் போதாது. வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர் சோறோ, பேக்கரியில் முட்டையோ, கனமாக ஏதாவது. இது மிக எளிய வழி, ஆனால் நான் பார்த்த வரையில் மிகப் பலன் தருவதும் இதுதான். நிறைந்த வயிற்றில் ஆசையின் வேகம் பாதியாகிவிடும். பணத்தைப் பொறுத்தவரை, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால், கம்பெனி கேட்டைத் தாண்டும் முன் வீட்டம்மாவுக்கு அனுப்பிவிட்டுப் பஸ்ஸுக்கான காசு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடை இருக்கும் வழியில் வராமல், கால் மணி நேரம் சுற்றினாலும் வேறு வழியில் வாருங்கள். குடிக்காத ஒருவர், உங்கள் லைனிலேயே இருப்பார், அவரிடம் ‘சனிக்கிழமை உங்களோடு வருகிறேன்’ என்று வெள்ளிக்கிழமையே சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் மாலைக் காலத்தில் செய்த அதே குளியல். அந்தக் குளியலை விடவே விடாதீர்கள். சரணம் சொல்வதும் அப்படித்தான், மாலை இல்லாமலும் சொல்லலாம்.

நண்பர்கள் கேட்பார்கள். ‘மாத்திரை சாப்பிடுகிறேன்’, ‘டாக்டர் ஒரு மாதம் வேண்டாம் என்றிருக்கிறார்’ என்று பலரும் சாக்குச் சொல்கிறார்கள். முதல் வாரத்துக்கு அது உதவும். ஆனால் சாக்குக்கு ஆயுள் குறைவு. ‘மாத்திரை முடிஞ்சிருச்சா மாப்ளே?’ என்று அடுத்த மாதம் வந்து நிற்பார்கள். ‘நான் விட்டுட்டேன்’ என்பதே நல்லது. முதல் மூன்று முறை சொல்லும்போது வெட்கமாக இருக்கும். நாலாவது முறை அவர்களே கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். மாலை உங்களுக்குச் செய்து கொடுத்த வேலையை இந்த இரண்டு வார்த்தை செய்யும்.

காலண்டரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி போனஸ் வாங்கும் நாள், சொந்த ஊருக்குப் போகும் பஸ், கிடா விருந்து, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, துக்க வீடு. ஒவ்வொன்றுக்கும் யாரோடு போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். துக்க வீட்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சந்தோஷத்தில் வரும் குடியை எதிர்பார்த்துத் தடுத்துவிடுகிறவர்கள்கூடச் சாவு வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் யாரோ கையில் கொடுக்கும் டம்ளரில் விழுந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்வது செத்தவருக்கே மரியாதைக் குறைவு என்பது போலத் தோன்றிவிடுகிறது.

ஆசை என்பது அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் அடங்கிவிடும். குடிக்காவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும் என்ற பயம் பொய்யானது. அந்த அரை மணி நேரத்தைக் கடக்க ஏதாவது செய்யுங்கள். வண்டியைக் கழுவுங்கள், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுங்கள், யாருக்காவது போன் போடுங்கள்.

போன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1935-ஆம் வருடம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். வியாபார வேலையாக வந்த பில் வில்சன் என்பவர், அந்த வேலை தோற்றுப்போய், ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஐந்து மாதமாகக் குடிக்காமல் இருப்பவர். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். உள்ளூர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டு, ‘எனக்குப் பேச இன்னொரு குடிநோயாளி வேண்டும்’ என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் அந்த ஊர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நம் ஊரில் ‘ஏஏ கூட்டம்’ என்பார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கிறது. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்பது அவர்கள் பேச்சு. 48 நாள் எண்ணிப் பழகிய உங்களுக்கு அது ஒத்துவரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் முடிவு நாள் என்று ஒன்று இல்லை. குருசாமி இருந்த இடத்துக்கு இந்த மாதிரி ஓர் ஆள் வேண்டும். குடித்து, விட்டு, சில வருடம் தாண்டியவராக இருந்தால் நல்லது. எங்களைப் போன்ற ஆலோசகர்கள் சொல்வதைவிட அவர் சொல்வது உங்களுக்கு உறைக்கும்.

இதில் தயவுசெய்து செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வது. நிறையப் பேர் செய்கிறார்கள், பல வீடுகளில் செய்யச் சொல்லியும் கேட்கிறார்கள். சத்தியம் உடைந்த பிறகு அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். அப்போது அந்தத் தகப்பன் படும் வேதனையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வேதனையை மறக்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. அந்தக் குழந்தைக்கும் விவரம் தெரியும். ‘அப்பா குடிச்சதாலதான் எனக்குக் காய்ச்சல்’ என்று ஏழு வயதுப் பெண் ஒருத்தி எங்கள் அறையில் உட்கார்ந்து சொன்னாள். வேண்டாம் தம்பி.

அதற்குப் பதில் ஒரு தாளில் உங்கள் காரணத்தை எழுதுங்கள். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று முன்பு பாட்டிலிலேயே எழுதியிருந்தது, அதைப் படித்துக்கொண்டுதான் குடித்தோம். உங்களுக்கு மட்டுமே தெரிந்த காரணமாக இருக்க வேண்டும். நான் உள்ளே வந்ததும் மகள் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறாள். காலையில் ஊசியில் நூல் கோக்க இரண்டு தடவை ஆகிறது. அப்பா செத்த வயதுக்கு இன்னும் பத்து வருடம்தான் இருக்கிறது. இந்த மாதிரி. 1980-களில் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியல் நிபுணர், குடிப்பவரைத் திட்டித் திருத்தும் முறையை விட்டுவிட்டு அவரையே பேச வைத்தார். நாம் ‘விடு’ என்றால் அவர் விடாததற்கு நியாயம் சொல்வார், அந்த நியாயம் அவருக்கே உறுதிப்படும். அவர் வாயாலேயே மாறுவதற்கான காரணம் வரும்போதுதான் கால் நகரும். உங்கள் தாள் அதற்குத்தான். யாருக்கும் காட்ட வேண்டாம். சட்டைப் பையில் இருக்கட்டும்.

இப்போது யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு கட்டம். முதல் சில வாரம் ஒரு பெருமிதம் இருக்கும். முகம் தெளிகிறது, பசிக்கிறது, எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள். உங்கள் 48 நாளும் கிட்டத்தட்ட இதற்குள்ளேயே முடிந்துவிடுவதால் அடுத்து வருவதை நீங்கள் பார்த்ததே இல்லை. ஒன்றரை இரண்டு மாதம் ஆனதும் பெருமிதம் வடிந்துவிடும். குடிக்காமல் இருப்பது யாருக்கும் செய்தி இல்லை. தூக்கம் இன்னும் சரியாக வராது, குடியை விட்டவர்களுக்குத் தூக்கம் சீராகப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்களே ஆகும். எதிலும் ருசி இல்லாத மாதிரி இருக்கும். குடியால் ஒதுக்கி வைத்திருந்த கடனும் மனக்கசப்பும் மேலே வந்து நிற்கும். ‘இதுக்குத்தானா விட்டேன்?’ என்று ஒரு கேள்வி எழும். மூளை வருடக்கணக்காக ஒரு பொருளால் கிடைத்த சந்தோஷத்துக்குப் பழகியிருக்கிறது. அது இல்லாமல் சாதாரணச் சாப்பாட்டிலும் பேச்சிலும் சந்தோஷப்பட அதற்கு அவகாசம் வேண்டும். அந்த வறட்சி வந்தால் தோற்றுவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு சரியாகிக்கொண்டிருக்கும்போது வருவது அது.

அந்த நாட்களில் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது கையில் இருக்க வேண்டும். கேள்வியில் ஒரு நாளைக்கு 200 ரூபாய் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். வருடத்துக்கு 73,000 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் சாயங்காலம் ஏழு மணிக்கு அது எடுபடாது. அந்த 200 ரூபாயைத் தினமும் உண்டியலில் போட்டு, மாதம் ஒரு முறை அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டுங்கள், பாஸ் புத்தகத்தில் எண் ஏறுவதைப் பாருங்கள். இன்னொன்று, கல்லீரல் பரிசோதனை. தொடங்கும்போது ஒரு முறை, இரண்டு மாதம் கழித்து ஒரு முறை. அதில் ஜிஜிடி என்று ஒரு கல்லீரல் நொதியைப் பார்ப்பார்கள், குடியால் ஏறியிருக்கும் அதன் அளவு நிறுத்திய சில வாரங்களிலேயே நன்றாக இறங்கும். கல்லீரலில் படிந்த கொழுப்பும் ஆரம்ப நிலையில் இருந்தால் குறைந்துவிடும். அந்தச் சீட்டை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டவர்கள் பலர்.

எத்தனை நாளில் பழகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 21 நாள் என்பார்கள், ஒரு மண்டலம் என்பார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, நடப்பது மாதிரியான புதுப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு வர எடுத்தது சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இதையே குடிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் உங்கள் சாயங்காலக் குளியல், சீக்கிரச் சாப்பாடு, வேறு வழி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதல் வரவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஒரு நாள் விட்டுப்போவது பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குடித்துவிட்டால் என்ன செய்வது? ஆலன் மார்லட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கூர்ந்து கவனித்தவர். ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக மாற்றுவதில் அந்த ஒரு கிளாஸைவிட அதற்குப் பிறகு வரும் எண்ணத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றார். ‘போச்சு, எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான், இனிமேல் எதுக்கு?’ நம் ஊரில் இது இன்னும் பலமாக வேலை செய்கிறது. விரதம் கெட்டால் முழுக்கக் கெட்டது என்றே பழகியிருக்கிறோம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். கயிறு அறுந்த அன்று சாமி குத்தம் என்ற பயத்திலேயே ஒரு மாதம் தொடர்ந்து குடித்தவர்கள் உண்டு. நீங்கள் தையல்காரர். ஒரு பீஸில் தையல் விட்டுப்போனால் கட்டு முழுவதையும் குப்பையிலா போடுகிறீர்கள்? அந்த இடத்தைப் பிரித்து மறுபடி அடிக்கிறீர்கள். அதையே செய்யுங்கள். மறுநாள் காலையிலேயே, அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்காமல், அந்த ஒருவருக்குப் போன் போட்டு ‘நேற்று குடிச்சுட்டேன்’ என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் வழுக்கியது என்று பாருங்கள். சாப்பிடாமல் போனேனா, யாரைப் பார்த்தேன், பையில் எவ்வளவு இருந்தது. மாற்ற வேண்டியது அந்த ஒன்றைத்தான். நிரந்தரமாக விட்டவர்களில் பலர் சறுக்கி எழுந்தவர்கள்தான்.

வீட்டம்மா விஷயம். நீங்கள் மூன்று மாதம் குடிக்காமல் இருந்தாலும் லேட்டாக வந்தால் ‘வாயை ஊதுங்க’ என்பார். சுருக்கென்று குத்தும். ‘நம்பாதவளுக்காக எதுக்கு இவ்வளவு கஷ்டம்’ என்று அன்றைக்கே கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கோபப்படாமல் ஊதிக் காட்டுங்கள். ஏழு முறை நம்பி ஏழு முறை ஏமாந்தவர் அவர். அவருடைய பயம் ஆற உங்கள் உடம்பு ஆறுவதைவிட அதிக நாள் ஆகும். நம்பச் சொல்லிக் கேட்காதீர்கள், நாட்களைக் கொடுங்கள். முடிந்தால் அவரையும் ஒரு முறை ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடியால் இழந்த பிறகு 1980-இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனையில் குடும்பத்தினருக்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. குடிப்பவர் ஒருவரை மட்டும் சரிசெய்து அனுப்பினால் போதாது என்பது அவர்களுடைய அனுபவம். எங்கள் அனுபவமும் அதேதான்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவர் பார்த்துத் தருவார். மாத்திரை உதவியோடு விடுவதில் கேவலம் ஒன்றுமில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடவில்லையா? டைசல்ஃபிரம் என்று ஒன்று உண்டு, அதைச் சாப்பிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். அதனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். ‘தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று விற்கும் எந்தப் பொடியையும் வீட்டில் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உயிர் போகக்கூடிய காரியம் அது.

இந்த வருடமும் மாலை போடுங்கள், தம்பி. ஆனால் போடுவதற்கு முன் மேலே சொன்னபடி மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நாற்பது நாள் நல்ல தெளிவோடு இருக்கும்போதே மாலை கழற்றும் நாளுக்கும் அதற்கடுத்த பத்து நாளுக்கும் ஏற்பாட்டை முடியுங்கள். திரும்பி வரும் வேனில் யார் பக்கத்தில் உட்காருவது என்று பாருங்கள், கடைசி சீட்டு வேண்டாம், குருசாமி பக்கத்தில் உட்காருங்கள். ‘ஊருக்குள் நுழைந்ததும் என்னைத் தனியாக விடாதீர்கள், சாமி’ என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், இந்தக் கதையை அவரும் நிறையப் பார்த்திருப்பார். மாலையைச் சாயங்காலம் கழற்றாமல் காலையில் கழற்ற முடியுமா என்று கேளுங்கள், கழற்றிய கையோடு பிள்ளைகளை வெளியே எங்காவது கூட்டிப் போங்கள். ராத்திரி அதே நேரம், அதே குளியல், அதே விளக்கு. மறுநாள் ஏஏ கூட்டமோ, மருத்துவமனையில் அடுத்த சந்திப்போ, ஏதாவது ஒன்று தேதியோடு இருக்கட்டும்.

அந்த முதல் சனிக்கிழமை எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள். குடித்திருந்தாலும் எழுதுங்கள்.